மோட்டாரை மாத்தறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வார இணைப்புல பழைய கன்வெர்டிபிள் கார், அதாவது கூரையை மடக்கற கார் வச்சிருக்கிற வாசகர் ஒருத்தர், பட்டனை அமுக்கினா கூரை பாதி வழியில நின்னுடுதுன்னு கேட்டிருந்தார். அதுக்கு பதில் எழுதினவர், மோட்டார் வீக் ஆயிருக்கும், பம்போட சேர்த்து மாத்திடுங்க, ஆயில் குறைஞ்சிருந்தா பிரேக் ஆயில் ஊத்துங்கன்னு ரெண்டே வரில முடிச்சுட்டார். படிச்சதும் மனசு கேக்கல. முதல் யோசனையால காசு போகும், ரெண்டாவது யோசனையால காரே கெட்டுப் போக வாய்ப்பு இருக்கு, அதனாலதான் இந்தக் கடிதம்.

ஆயில் விஷயத்தை முதல்ல சொல்லிடறேன். ஹைட்ராலிக் கூரைல, அதாவது ஆயில் அழுத்தத்துல ஓடற கூரைல, பின்சீட்டுக்குப் பின்னாடியோ டிக்கிலயோ ஒரு மோட்டார் பம்ப் இருக்கும், அதுலேர்ந்து ஹோஸ் வழியா கூரையைத் தள்ளற ரெண்டு பக்கத்து சிலிண்டருக்கும் ஆயில் போகும். பழைய அமெரிக்க கார் நிறையத்துல இதுக்கு பிரேக் ஆயில்தான் ஊத்தினாங்க, பின்னாடி வந்த கார்ல ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில், அதாவது ஏடிஎஃப். இது ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு ஆகவே ஆகாது. பிரேக் ஆயிலுக்குன்னு செஞ்ச ரப்பர் சீல்ல ஏடிஎஃப் பட்டா ஊதிப்போகும், ஏடிஎஃப் சிஸ்டத்துல பிரேக் ஆயில் ஊத்தினா அந்த சீலும் நாளடைவுல கெட்டு ஒழுக ஆரம்பிக்கும். சாதாரண பிரேக் ஆயில் காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்துக்கும், அதுல சிலிண்டர் உள்ளயே துரு பிடிக்கும், ஒழுகி பெயின்ட்ல பட்டா பெயின்ட் உரிஞ்சு வந்துடும். இன்னொண்ணு, பழைய கார்ல முன்னாடி யாராவது பம்பை மாத்தியிருந்தா ஆயிலும் மாறியிருக்கலாம், அதனால மாடல் வருஷத்தை மட்டும் நம்பாம உள்ள இப்ப என்ன இருக்குன்னு கொஞ்சம் எடுத்துப் பாத்துட்டுதான் ஊத்தணும்.

இனி மோட்டார். பட்டனை அமுக்கும்போது என்ன சத்தம் வருதுன்னு காதைக் கொடுத்து கேட்டாலே பாதி விஷயம் தெரிஞ்சுடும். சத்தமே இல்லைன்னா கரண்ட் போகல, இல்லன்னா எர்த் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பற வழி) சரியில்ல, இல்லன்னா மோட்டாரே செத்துப் போயிருக்கு. டிக்னு ஒரு சத்தம் மட்டும் வந்தா ரிலே (பட்டன் சொன்னதும் மோட்டாருக்கு கரண்டை விடற ஸ்விட்ச்) இருக்கிற கார்ல ரிலே வேலை செய்யுது, அதுக்கு அந்தப் பக்கம் எங்கயோ தடை. மோட்டார் லேசா, வேகமா சுத்தற சத்தம் கேக்குது ஆனா கூரை அசையலைன்னா ஆயில் இல்ல, இல்லன்னா ஏர் புகுந்திருக்கு, இல்லன்னா பம்ப் உள்ள தேஞ்சிருக்கு. முக்கி முனகி மெதுவா சுத்தினா வோல்டேஜ் பத்தல, இல்ல கூரையோட கம்பி எங்கயோ இறுகியிருக்கு. அந்த வாசகர் எழுதினது இந்த கடைசி வகை மாதிரிதான் எனக்குத் தெரியுது, பாதி தூரம் போகுதே, அப்போ மோட்டார் செத்துப் போகல.

இந்த மோட்டாருக்கு நிறைய கரண்ட் வேணும். 12 வோல்ட் பேட்டரி முழு சார்ஜ்ல 12.6 காட்டும், ஆனா கூரை நகரும்போது மோட்டார் முனையில மீட்டர் வச்சுப் பாத்தா 9, 10 தான் வருதுன்னா மிச்சம் வழியிலயே போகுது, இல்ல பேட்டரியே வீக்னு அர்த்தம். சும்மா இருக்கும்போது அளந்து எந்தப் பிரயோஜனமும் இல்ல, துருப்பிடிச்ச கனெக்ஷன் கூட லோடு இல்லாதப்போ முழு வோல்டேஜ் காட்டும், அளக்கறது மோட்டார் ஓடும்போதுதான் அளக்கணும். அடுத்து மீட்டரோட ஒரு முனையை மோட்டார் பாடிலயும் இன்னொண்ணை பேட்டரியோட எர்த் முனைலயும் வச்சு பட்டனை அமுக்குங்க, அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்லதான் கோளாறு. நிறைய கார்ல பம்ப் ரப்பர் மேல உக்காந்திருக்கும், அதனால பாடியோட நேரடி தொடர்பே இல்ல, ஒரே ஒரு எர்த் வயரை நம்பித்தான் ஓடுது, அந்த வயர் போல்ட் போட்ட இடத்துல பெயின்டும் துருவும் ஏறிடும். சுரண்டி சுத்தம் பண்ணி இறுக்கினாலே எத்தனையோ கார்ல கூரை மறுபடி எழும்பும். 1950கள் நடுப்பகுதி வரைக்கும் நிறைய அமெரிக்க கார் 6 வோல்ட்தான், அதுல அதே வேலைக்கு ரெண்டு மடங்கு கரண்ட் ஓடணும், அப்போ கொஞ்சூண்டு துரு கூட பெரிய தடையா நிக்கும்.

மேல போகுது, கீழ வரலைன்னா (இல்ல மாறி நடந்தா) ஸ்விட்சைப் பாருங்க. சாதாரணமா மோட்டாருக்கு ரெண்டு வயர், ஒண்ணு ஏத்த, ஒண்ணு இறக்க. ஃபியூஸ் போட்ட தடிச்ச வயரால வேலை செய்யாத அந்த வயருக்கு நேரா கரண்ட் கொடுத்து மோட்டார் சுத்துச்சுன்னா ஸ்விட்சோ வழியில இருக்கிற வயரோதான் கெட்டிருக்கு, மோட்டார் மேல குத்தம் இல்ல.

கரண்ட் பக்கம் எல்லாம் சரியா இருந்தா, ரெண்டு சிலிண்டரையும் கூரைக் கம்பிலேர்ந்து கழட்டி விட்டுட்டு, முன்கண்ணாடி மேல இருக்கிற பூட்டையும் திறந்துட்டு, பக்கத்துக்கு ஒரு ஆளா ரெண்டு பேர் சேர்ந்து கையால தூக்கிப் பாருங்க. இதை யாருமே செய்யறதில்லங்க, ஆனா இதுல தெரியற அளவுக்கு வேற எதுலயும் தெரியாது. கையாலயே ஒரு இடத்துல மாட்டுதுன்னா மூட்டு காஞ்சிருக்கு, இல்ல கம்பி வளைஞ்சிருக்கு, புது பம்ப் போட்டா அது இன்னும் பலமா தள்ளி கம்பியை மேலும் வளைச்சுடும். ஒரு பக்கம் முன்னாடி போய் மறுபக்கம் பின்தங்கினா உடனே நிறுத்துங்க. ரெண்டு சிலிண்டருக்கும் ஒரே பம்ப்தான், ஆயில் சுலபமான பக்கமா ஓடிடும், அதனால பின்தங்கற பக்கத்துலதான் இறுக்கமோ நசுங்கின ஹோஸோ இருக்கும். புதுசா துணி மாத்தின கூரை கடைசி கொஞ்ச தூரம் மூடாம நிக்கறது பல தடவை துணி இழுக்கறதாலதான். கூரை மடங்கி விழற குழில சாமான் வச்சு ஹோஸை நசுக்கறதும் உண்டு, அதையும் பாத்துடுங்க.

கூரைக்கு அடியில கையை விடறதுக்கு முன்னாடி பேட்டரியைக் கழட்டுங்க, கட்டையால முட்டும் கொடுங்க. அந்தக் கம்பி மடங்கற இடத்துல விரல் சிக்கினா போச்சு.

இதெல்லாம் ஹைட்ராலிக் கூரைக்கு. 1939ல ப்ளிமத் கம்பெனி கொண்டு வந்த பவர் கூரை வேக்யூம்ல, அதாவது காத்தை உறிஞ்சற இழுப்புல ஓடினது, அதுல பாக்க வேண்டியது ஹோஸ்ல எங்க காத்து இழுக்குதுன்னு. 1957லேர்ந்து 59 வரைக்கும் வந்த ஃபோர்டு ஸ்கைலைனர்ல இரும்புக் கூரையே டிக்கிக்குள்ள போகும், அதுக்கு ஏழு மோட்டார், ஒரு அசைவு முடிஞ்சதைக் காட்டற லிமிட் ஸ்விட்ச் ஒண்ணு தொடலைன்னா அடுத்த அசைவே நடக்காது. அந்த வாசகர் எந்த காரை வச்சிருக்கார்னு கேக்காமலே மோட்டாரை மாத்தச் சொன்னது எனக்கு சரியா படல.

அடுத்த இதழ்ல அந்த பிரேக் ஆயில் வரிக்கு மட்டுமாவது ஒரு திருத்தம் போடுங்க சார். அவர் ஏற்கனவே ஊத்தியிருந்தா பட்டனை அமுக்க வேண்டாம்னும், ஆயிலை முழுசா வடிச்சுட்டு சீல் எந்த வகைன்னு பாக்கச் சொல்லியும் சேர்த்துப் போட்டா நல்லது.

இப்படிக்கு,
பழைய கார் பிரியர் ஒருவர்