மடிச்சு வெச்ச படத்தை விரிச்சு ஸ்கேன் பண்ணுங்க

நூலகத்தோட டிஜிட்டல் பிரிவுல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நீங்க ஸ்கேன் பண்ணி தளத்துல போட்ட பழைய பெண்கள் பத்திரிகைல படங்கள் எல்லாம் கருப்பு வெள்ளைல இருக்குன்னு போன மாசம் நான் போட்ட மெயிலுக்கு பதில் அனுப்புனீங்க, அதுக்கு நன்றி. ஆனா அதுல இருந்த ஒரு வரிதான் என்னை இதை எழுத வெச்சுது. இதே இதழ் வேற நூலகங்கள்ல கலர்லயே கிடைக்கும், அங்க பாத்துக்கலாம்னு சொல்லியிருந்தீங்க.

அது இதே இதழ் இல்லீங்க. ஃபிலடெல்ஃபியாவுல 1830ல ஆரம்பிச்ச கோடீஸ் லேடீஸ் புக்ங்கிற பெண்கள் பத்திரிகைல வந்த கலர் ஃபேஷன் படங்கள்ல கோடு மட்டும்தான் அச்சு, கலர் பூரா பெண்கள் உக்காந்து கையால பூசுனது, அந்த வேலைக்குன்னே 150 பேர் இருக்காங்கன்னு பத்திரிகை பெருமையா சொல்லிக்கிட்ட காலம் அது. கையால பூசுறதால ஒரே மாசத்து இதழ்லயே ஒரு பிரதில இருக்கிற கலர் இன்னொண்ணுல இருக்காது. அப்போ உங்க அலமாரில இருக்கிறது மாதிரி இன்னொண்ணு எங்கயுமே இல்ல, அதைப் போய் கருப்பு வெள்ளைல ஸ்கேன் பண்ணி வெச்சிருக்கீங்க.

அதை விட மனசு ஆறாத விஷயம் ஒண்ணு இருக்கு. 1860கள்ல வந்த ஒரு வால்யூம்ல அஞ்சு பொண்ணுங்க வரிசையா நிக்கிற பெரிய படம், மடிச்சு வெச்சு தெச்சிருக்காங்க. ஸ்கேன் பண்ணவங்க அதை விரிக்கவே இல்ல. ரெண்டு பேர் முழுசா தெரியறாங்க, மூணாவது பொண்ணோட பாவாடை மடிப்புகிட்டயே நின்னு போச்சு, தோள் இருக்கு, கை இல்ல. அடுத்த பக்கம் போனா வெறும் பேப்பர். நான் நாடகத்துக்கு உடை தைக்கிறவ, க்ரினோலின், அதாவது பாவாடையை விரிச்சு நிறுத்துற உள்கூடு, வெச்ச பாவாடை எவ்வளவு அகலமா விரியும்னு பாக்கத்தான் அந்தப் படத்தையே தேடிப் போனேன்.

பாரிஸ்ல வந்த லா மோட் இல்லுஸ்த்ரேங்கிற ஃபேஷன் பத்திரிகை படங்கள்லயும் இதே கதைதான், ஓரத்தை ஒட்ட வெட்டுனதுல கீழ இருந்த கையெழுத்து போயிடுச்சு. அனாயிஸ் டூடூஸ், அவங்க அக்கா எலோயீஸ் லெலுவார், தங்கச்சி லோர் நோயல்னு ஓவியர் வீட்டுப் பொண்ணுங்க வருஷக்கணக்கா வரைஞ்சு சம்பாதிச்ச தொழில் இது, அந்தப் படத்துல அவங்க பேர் நிக்கிற இடம் அந்த ஓரம்தான்.

உங்க தளத்துலயே அதே காலத்து போர் மேப் எல்லாம் பாத்தேன், ஒவ்வொண்ணையும் விரிச்சு கலர்ல, பக்கத்துல அளவுகோல் வெச்சு அழகா எடுத்திருக்கீங்க. பெண்கள் படிச்ச பத்திரிகைன்னா மட்டும் ஏன் இவ்வளவு அவசரம்? ஏற்கனவே பழைய புக் வியாபாரிங்க இந்தப் படங்களை பிளேடு போட்டு எடுத்து ஃப்ரேம் பண்ணி வித்துட்டாங்க, படத்தோட முழுசா மிஞ்சியிருக்கிற வால்யூமே கம்மி.

கோவத்துல கொஞ்சம் அதிகமா பேசியிருந்தா மன்னிச்சுக்கங்க. நான் கேக்கறது இதுதான், படம் இருக்கிற பக்கங்களை மட்டும் கலர்ல, ஓரம் வெட்டாம, மடிப்பை விரிச்சு மறுபடி எடுங்க. எழுத்து பக்கம் எல்லாம் இப்ப இருக்கிற மாதிரியே இருக்கட்டும். வால்யூம் நம்பர், பக்க நம்பர் எல்லாம் லிஸ்ட் போட்டு தனியா அனுப்பியிருக்கேன். எல்லாத்துக்கும் நேரம் ஆகும்னா, முதல்ல அந்த அஞ்சு பொண்ணுங்க படத்தை மட்டுமாவது விரிச்சு எடுத்துக் குடுங்க, ப்ளீஸ்.