புயல் இல்லாத நாளிலும் வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானால் போதும், பத்திரிகைகளுக்கு லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காகச் சொந்த ரேடியோவில் பேசும் எங்களைப் போன்ற ஹாம் ரேடியோக்காரர்கள் ஞாபகம் வந்துவிடும். செல்போன் டவர் சாய்ந்தாலும் இவர்கள் பேசுவார்கள் என்று ஒரு பெட்டிச் செய்தி. உண்மைதான். 2004 சுனாமியில் அந்தமானில் இருந்த ஹாம்கள் செய்த வேலையை யார் மறக்க முடியும்? ஆனால் வருஷத்தில் புயல் எத்தனை நாள்? மற்ற நாளெல்லாம் என்ன செய்கிறோம் என்று ஒருவரும் கேட்பதில்லை. சும்மா பேசிக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

நான் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் வீடு. மொட்டை மாடியில் ஒரு மூங்கில் நட்டு, அதன் உச்சியிலிருந்து இரண்டு பக்கமும் பத்துப் பத்து மீட்டர் செப்புக் கம்பியை ஏரியலாகச் சரித்துக் கட்டியிருக்கிறேன். ஒரு முனை பக்கத்து வீட்டு மாடியில். அவர்கள் பெருந்தன்மை. கடல் காற்றில் கம்பி சீக்கிரமே பச்சை பிடித்துவிடும். ஜாயின்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபடி சால்டர் வைக்க வேண்டும். கோடை லீவில் மாஞ்சா நூல் வேறு. தடை என்கிறார்கள், என் விரலில் இருக்கும் கீறலைக் கேளுங்கள்.

பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் ரேடியோ செட் நானே கட்டியது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் எல்லோருக்கும் பொதுவாகக் கொடுத்த 'பிட்எக்ஸ்' சர்க்யூட். காயில் சுற்ற வெளிநாட்டு வளையம் தேடி அலைய வேண்டாம், தண்ணீர்க் குழாய்க்குப் போடும் நைலான் வாஷரே போதும் என்று காட்டியவர் அவர். பாகங்களை ரிச்சி தெருவிலும் வாஷரை எங்கள் தெரு ஹார்டுவேர் கடையிலும் வாங்கினேன். ஆறேழு வாட்தான். காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் மதுரையும் கோவையும் பக்கத்துத் தெரு மாதிரி கேட்கும். பொழுது சாய்ந்ததும் பகலில் அலையை விழுங்கிக்கொண்டிருந்த வானத்தின் கீழ் அடுக்கு கலைந்துபோகும். அப்புறம் இந்தோனேசியாக்காரர்களின் பேச்சு வந்து விழும். என் குரல் அவர்களை எட்டியது இரண்டே தடவை. எதிர்வீட்டில் அந்த எல்இடி பல்பைப் போட்டால் இதுவும் இல்லை, ஒரே இரைச்சல்.

2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி கிளம்பியபோது இதே மாடியில் நின்று புகைக்கோட்டைப் பார்த்தேன். அதில் போனது பூமியைப் படமெடுக்கும் கார்ட்டோசாட் மட்டுமல்ல, ஹாம்களுக்கென்றே இஸ்ரோ செய்த ஹாம்சாட் என்ற செயற்கைக்கோளும்தான். சில வாரம் கழித்து நண்பர் செட்டில் அதன் வழியாகப் பேசினேன். என் குரலே மேலே போய்த் திரும்பி வந்தது, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி. 2014இல் அது ஓய்ந்தது. நான் ரிட்டையர் ஆனதும் அதே வருஷம்.

போன மாதம் அறுந்த பட்டத்தை எடுக்க எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் மாடி ஏறி வந்தான். செட்டில் யாரோ மதுரையில் மழை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பட்டத்தை மறந்துவிட்டு உட்கார்ந்துவிட்டான். 12 வயது முடிந்தால் லைசென்ஸ் பரீட்சை எழுதலாம். முதல் படிக்கு மோர்ஸ், அதாவது தந்தியில் தட்டும் கட்டுக்கடா குறியீடுகூட வேண்டாம். ஆனாலும் நேற்று வந்து டம்ளரில் தன் பெயரை மோர்ஸில் தட்டிக் காட்டினான். ஒரு எழுத்து தப்பு.

அடுத்த புயல் வரைக்கும் காத்திருக்காமல் ஒரு சாயங்காலம் உங்கள் நிருபரை அனுப்புங்கள். மாடிப்படி கொஞ்சம் செங்குத்து, பார்த்து ஏறச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காலடிப்பேட்டை, திருவொற்றியூர்