ஆறுதலாக வா, மகள்

அன்பு மகளுக்கு,

உன் உதைபந்தாட்டச் சப்பாத்தைப் பார்சலில் அனுப்பச் சொன்னாய். நேற்று எடுத்துத் துடைத்தேன். கோடை விடுமுறைக்கு வந்தபோது விளையாடிய மண் அடிக் குமிழ்களுக்கு இடையில் இன்னும் காய்ந்து கிடந்தது. கத்தி முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, உள்ளே பழைய பேப்பர் அடைத்து அலுமாரியில் திரும்ப வைத்துவிட்டேன். இப்போது அனுப்பமாட்டேன். போனில் சொன்னால் சண்டையில்தான் முடியும் என்று எழுதுகிறேன்.

மூன்று கிழமைக்கு முன் எடின்பரோ வைத்தியசாலையில் இருந்து "நுரையீரலில் இரத்தக்கட்டி அம்மா" என்று நீ சொன்னபோது அப்பா கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். என் மனதில் முதலில் வந்தது உதைபந்தாட்டக்காரி மரோஜானின் முகம். 2018 ஜூலையில் அவளுக்கு இதே வருத்தம் என்ற செய்தியை எனக்கு வாசித்துக் காட்டியவளே நீதான். உனக்கு அப்போது 19 வயது. சாப்பாட்டுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போனாய்.

ஜெனிஃபர் மரோஜானை நீ ஏன் உன்னுடைய ஆளாக்கிக்கொண்டாய் என்று எனக்குத் தெரியும். அவள் புடாபெஸ்டில் பிறந்தவள். அப்பா யானோஷ் ஹங்கேரி தேசிய அணியில் விளையாடியவர். 1996இல் ஜேர்மனியின் சார்புறூக்கன் கழகத்துக்கு விளையாட வந்தார், குடும்பமும் கூட வந்தது. அவளுக்கு அப்போது நாலு வயது. நீயும் நாலு வயதில்தான் என் கையைப் பிடித்துக்கொண்டு இங்கே ஜேர்மனியில் இறங்கினாய். அவளுடைய பெயரை ஹங்கேரிய எழுத்துமுறையில் எழுதினால் ஜேர்மன்காரர் வாசிக்கத் தடுமாறுவார்கள். உன் பெயரை வகுப்பில் கூப்பிட முன்னம் ரீச்சர் ஒரு கணம் நிற்பார் என்று நீ அழுதது எனக்கு மறக்கவில்லை. பெயர் வாயில் நுழையாத அந்தப் பிள்ளை 15 வயதில் ஜேர்மனியின் முதல்தர லீக்கான பண்டெஸ்லீகாவில் கோல் அடித்தாள். பிறகு ஜேர்மன் அணியின் தலைவியானாள்.

மத்தியகளத்தில் அவள் ஓடுவதைவிட நிற்பதைத்தான் நான் ரசித்தேன். பந்து காலுக்கு வந்ததும் மற்றவர்கள் அந்தரப்படுவார்கள். அவள் அதை நிறுத்தி, தலையை நிமிர்த்தி, யார் எங்கே என்று பார்த்துவிட்டுத்தான் கொடுப்பாள். 2013 ஐரோப்பியக் கிண்ண அரையிறுதி ஞாபகம் இருக்கா? யோதபோரியில், சுவீடனுக்கு எதிராக, சுவீடன் சனத்துக்கு நடுவில். 33ஆவது நிமிடம். பின்னால் ஒருத்தி நெருக்கிக்கொண்டு வர, சப்பாத்து நுனியால் ஒரு தட்டு. பலமான அடியே இல்லை. பந்து கோல்காப்பாளரைத் தாண்டி மெல்ல உருண்டு உருண்டு போய் உள்ளே விழுந்தது. அது கோட்டைக் கடக்கும்வரை நீ என் தோளை நகம் பதியப் பிடித்திருந்தாய். 1-0. பிறகு இறுதியில் நோர்வேயையும் வென்று கிண்ணம் எங்களுக்கு.

2016 றியோ ஒலிம்பிக்கில் மரக்கானா மைதானத்தில் நடந்த இறுதிப் போட்டியும் அவளுடையதுதான். இடைவேளை முடிந்து மூன்று நிமிடம். பெட்டிக்கு விளிம்பில் வந்த பந்தை மேல் மூலைக்கு வளைத்து அடித்தாள். அப்புறம் அவள் அடித்த ஃப்ரீகிக் கம்பத்தில் பட்டுத் திரும்பி, சுவீடன்காரியின் காலில் பட்டு உள்ளே போனது. 2-1. அதற்கு முன் மூன்று முறை வெண்கலத்தோடு திரும்பிய ஜேர்மன் பெண்களுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் தங்கம்.

இவ்வளவும் செய்தவள் 26 வயதில் படுத்தாள். பிரான்சின் லியோன் கழகத்துக்கு விளையாடிக்கொண்டிருந்த காலம். இரண்டு மாதத்துக்கு முன்தான் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக் கிண்ணத்தைத் தூக்கியிருந்தாள். உடம்பில் ஒரு குறையும் இல்லாத பிள்ளை என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள், உன்னை நான் நினைத்தது மாதிரி. காலில் உறைந்த இரத்தம் கழன்று நுரையீரலில் போய் அடைக்கும், இரத்தம் உறையாமல் இருக்க மாதக்கணக்கில் மருந்து எடுக்கவேண்டும், அந்தக் காலத்தில் இடிபட்டு விழுகிற விளையாட்டு கூடாது, உள்ளே இரத்தம் கசிந்தால் இலகுவில் நிற்காது. இதையெல்லாம் உன் வைத்தியர் உனக்கு என்னைவிட விளக்கமாகச் சொல்லியிருப்பார். நீ கேட்டுக்கொண்டாயா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

அவள் இல்லாத நேரத்தில் ஜேர்மனிக்கு உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி வந்தது. செப்டெம்பரில் ரெய்க்யாவிக்கில் ஐஸ்லாந்தோடு. தோற்றிருந்தால் பெரிய சிக்கல். அவள் இல்லாமலே 2-0 என்று வென்றார்கள். "நான் போகாவிட்டால் ரீமுக்கு ஆள் காணாது" என்று நீ சொன்னாயே, அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். கோடை முழுக்கப் பொறுத்திருந்து, இலையுதிர் காலத்தில்தான் அவள் திரும்பக் களத்துக்கு வந்தாள்.

அடுத்த வருடம் மே 18, சாம்பியன்ஸ் லீக் இறுதி. லியோனும் பார்சலோனாவும். நடந்த இடம் புடாபெஸ்ட், அவள் பிறந்த ஊர். ஐந்தாவது நிமிடத்தில் வலப்பக்கமிருந்து வந்த பந்தை உள்ளே தள்ளினாள். மூச்சுப்பை அடைத்துப் படுத்து ஒரு வருடம்கூட நிறையவில்லை. கூட விளையாடிய ஹெகர்பெர்க் மூன்று கோல் அடித்து லியோன் 4-1 என்று வென்றது, பேரும் ஹெகர்பெர்குக்குத்தான் போனது. நான் மட்டும் அந்த முதல் கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பிள்ளை பெற்றவளுக்கு அந்தக் கோல் வேறு மாதிரித் தெரியும்.

அதற்குப் பிறகு எல்லாம் நன்றாக நடந்தது என்று நான் உனக்குப் பொய் சொல்லவில்லை. அடுத்த மாதமே உலகக் கிண்ணத்தில் சீனாவோடு முதல் ஆட்டத்திலேயே கால்விரல் முறிந்தது. காலிறுதியில் இடைவேளைக்குப் பிறகுதான் களத்துக்கு வந்தாள், சுவீடனிடம் தோற்றார்கள். 2022 ஏப்ரலில் சேர்பியாவில் முழங்காலின் சிலுவைத் தசைநார் அறுந்தது. அந்தக் கோடையில் இங்கிலாந்தில் நடந்த ஐரோப்பியக் கிண்ணத்தில் அவள் இல்லை. ஜேர்மனி இறுதிவரை போய்த் தோற்றதைப் பார்த்து நீயும் நானும் அழுதோம். ஆனாலும் அவள் இன்னொரு முறை எழும்பி வந்து, 2023 ஏப்ரலில் நூர்ன்பெர்க்கில் பிரேசிலோடு விளையாடித்தான் தேசிய அணியிடம் விடைபெற்றாள். 112 ஆட்டம், 33 கோல். முறிந்து கிடந்த மாதங்கள் அந்தக் கணக்கில் வராது, ஆனால் அவள் அம்மாவுக்கு அவை ஒவ்வொன்றும் நாள் நாளாகத் தெரிந்திருக்கும்.

மாடிப்படி ஏறும்போது மூச்சு முட்டுகிறதா என்று தினமும் ஒரு வரி எழுது. மாத்திரையை மறக்காமல் எடு. அடுத்த பரிசோதனைத் திகதி கிடைத்ததும் சொல்லு, அந்தக் கிழமை லீவு போட்டுவிட்டு நான் வருகிறேன். வைத்தியர் விளையாடலாம் என்று எனக்கு முன்னால் சொல்லட்டும். சப்பாத்து என் பையில்தான் இருக்கும்.

அன்புடன்,
அம்மா