பஸ்ஸில் உகந்தை, மறுநாள் காடு: வேண்டாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

கதிர்காமப் பாதயாத்திரைக்கான காட்டுப்பாதை திறக்கும் திகதியை வெளியிட்டிருந்தீர்கள். நடப்பவர்களுக்குத் திகதி மட்டும் போதாது.

யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியில் புறப்பட்டு வெருகல், மாமாங்கம், மண்டூர், திருக்கோவில் என்று கோயில் கோயிலாகத் தங்கி வருபவர்களுக்கு, காட்டுக்குள் நுழையும் இடமான உகந்தைமலை வரும்போது பாதம் காய்த்துவிடும். காட்டில் நடக்க முடியாமல் படுத்துவிடுவது பெரும்பாலும் பஸ்ஸில் வந்திறங்கி மறுநாளே உள்ளே போகிறவர்கள்தான். லீவு கிடைக்காதவர்கள் பொத்துவிலிலாவது இறங்கட்டும். பாணமை வழியே உகந்தைக்கு ஏறக்குறைய 30 கிலோமீற்றர். இரண்டு நாளாகப் பிரித்து நடந்தால் செருப்பு எங்கே கடிக்கிறது, பையில் எது வீண் பாரம் என்பதெல்லாம் கடை கண்ணி உள்ள இடத்திலேயே தெரிந்துவிடும். புதுச் சப்பாத்து வேண்டவே வேண்டாம். தோல் சிவந்து சுடும்போதே பிளாஸ்டர் ஒட்ட வேண்டும், கொப்புளம் எழும்பும்வரை பார்த்திருக்கக் கூடாது. வெறுங்காலுடன் நடக்க நேர்ந்தவர்கள் முள்ளெடுக்கச் சாவணம் ஒன்றை மடியில் வைத்திருக்கட்டும்.

அடுத்தது தண்ணீர். கச்சான் என்னும் வறண்ட காற்று வியர்வையை உடனே காயவைத்துவிடுவதால் உடம்பு வற்றுவது தெரியாது. குடிக்க மட்டும் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லீற்றராவது வேண்டும். தண்ணீர்ப் பவுசர் வரும் என்று நம்பி வெறும் போத்தலோடு புறப்படாதீர்கள். வழியில் வரும் கும்புக்கன் ஆற்றில் ஓடும் நீரை அள்ளாமல், முதலை கிடக்கக்கூடிய மடுக்களிலிருந்து தள்ளி, மணலில் முழங்கை ஆழத்துக்கு ஊற்றுத் தோண்டுங்கள். முதலில் ஊறும் கலங்கலை இரண்டு மூன்று தடவை இறைத்துவிட்டு, தெளிந்ததைத் துணியில் வடித்துக் கொதிக்கவைக்க வேண்டும். உடம்பு வற்றாமலிருக்கத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் ஜீவனித் தூளிலும் ஒரு பிழை நடக்கிறது. ஒரு லீற்றருக்கான பக்கற்றை அரை லீற்றர் போத்தலில் கொட்டிக் குலுக்கிக் குடிக்கிறார்கள். கரைசல் தடித்தால் வயிற்றோட்டமும் தாகமும் கூடத்தான் செய்யும்.

இது பாலைப்பழக் காலம் வேறு. விடியற்காலையிலும் மாலை மயங்கும் நேரத்திலும் பழுத்த மரத்தடிகளில் கரடி நிற்கும். வெயிலுக்கு முன்னம் போய்ச் சேரலாம் என்று மூன்று மணிக்கே டோர்ச்சுடன் கிளம்புவது வீண் துணிச்சல். நிலம் வெளித்த பிறகு கூட்டமாகப் புறப்பட்டு, வெயில் ஏறியதும் நிழலில் தங்கிவிடுங்கள். திடுக்கிட்ட கரடிதான் பாயும். அரோகராச் சத்தம் தூரத்திலேயே கேட்டால் அது பெரும்பாலும் விலகிப் போய்விடும். (ஒலிபெருக்கியைச் சொல்லவில்லை. காட்டுக்குள் அது எதற்கு?)

அன்னதானம் கொடுப்பவர்களிடமும் ஒரு விண்ணப்பம். கறி மணம் ஒட்டிய பொலித்தீனை மான் தின்னும். அது செரிக்காமல் குடலை அடைத்துக்கொள்ளும். புதைத்தாலும் பன்றி கிளறிவிடும். சோறு ஏற்றிவந்த லொறி வெறுமனேதானே திரும்புகிறது, குப்பையை அதில் ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
வாசகர், திருக்கோவில்