குதிரைப் பந்தயக் கணக்கை ஓட்டத்துக்கு முன்பே எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பந்தய நாட்களில் நாளிதழ்கள் சில, வெல்லக்கூடிய குதிரைகளின் பட்டியலை வெளியிடுகின்றன. மறுநாள் பலித்த கணிப்புகள் மட்டும் பெருமையுடன் நினைவூட்டப்படுகின்றன, பொய்த்தவை பேசப்படுவதில்லை. பந்தயம் கட்டுகிறவர்களும் தங்கள் சொந்த வரவு செலவை இதே முறையில்தான் மனத்தில் வைத்திருக்கிறார்கள். நானும் நெடுங்காலம் அப்படி இருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் ஏழு ஆண்டுகள் நான் எதையும் எழுதி வைக்கவில்லை. போட்டதும் எடுத்ததும் ஏறக்குறையச் சரியாகிவிடுகிறது என்று வீட்டில் சொல்லி வந்தேன். அது உண்மை என்றே நம்பியும் இருந்தேன். பிறகு ஓராண்டு முழுவதும் ஒன்று விடாமல் குறிப்பேட்டில் எழுதிக் கூட்டியபோது, கட்டிய ஒவ்வொரு நூற்றிலும் 23 போயிருந்தது. பெரிய விலையில், அதாவது கட்டியதற்குப் பல மடங்கு லாபம் தந்து, வென்ற குதிரைகளின் பெயர்களெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அன்றைய இழப்பை மீட்பதற்காகக் கடைசிப் பந்தயத்தில் அவசர அவசரமாகக் கட்டிய சீட்டுகளில் ஒன்றுகூட நினைவில் இல்லை. இழப்பின் பெரும்பகுதி அந்தச் சீட்டுகளில்தான் இருந்தது.

எல்லாருடைய பணத்தையும் ஒன்றாகச் சேர்க்கும் டோட் முறையில், கட்டப்படும் மொத்தப் பணத்திலிருந்து நடத்துநரின் பங்கும் வரியும் கழிக்கப்பட்ட பிறகே மீதி வென்றவர்களுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. ஆகவே, கட்டுகிறவர்கள் அனைவரையும் சேர்த்துப் பார்த்தால் நட்டம் உறுதி. சந்திக்கிற ஒவ்வொருவரும் 'எனக்குப் பெரிய நட்டமில்லை' என்று சொல்வது எண்கணிதத்துக்கே ஒவ்வாதது. 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் ஜார்ஜ் ஜூலியஸ் வடிவமைத்த தானியங்கி டோட் இயந்திரம் நிறுவப்பட்ட காலம் முதலே, விற்கும் ஒவ்வொரு சீட்டையும் பந்தயத் திடல் இயந்திரத்தைக் கொண்டு எண்ணி வருகிறது. சீட்டை வாங்குகிறவர் மட்டும் இன்னும் நினைவையே நம்புகிறார்.

கணக்கு நேர்மையாக இருக்க வேண்டுமானால், குதிரைகள் கேட்டை விட்டுப் புறப்படுவதற்கு முன்பே பதிவு முடிந்துவிட வேண்டும். தேதி, பந்தயம், குதிரை, வின்னா (முதலிடம்) பிளேஸா (முன்னணி இடங்களில் ஒன்று) என்பது, கட்டிய தொகை, அந்தக் குதிரையைத் தேர்ந்ததற்கான காரணம் ஒரே வரியில் ஆகியவற்றை அப்போதே எழுதிவிட்டால், ஓட்டம் முடிந்தபின் சேர்க்க வேண்டியது முடிவும் கைக்கு வந்த தொகையும் மட்டுமே. கட்ட நினைத்துக் கட்டாமல் விட்டவற்றை அதே பக்கத்தில் எழுதக் கூடாது. அவற்றில் வென்றவை மட்டுமே பிற்பாடு நம் நினைவுக்கு வரும். இரண்டு குதிரைகள் சமமாக வந்து, பாதித் தொகைக்கு மட்டும் பணம் கிடைத்தால், அந்தக் குறைந்த தொகையையே எழுத வேண்டும்.

விலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பொய் எளிதில் நுழையும் இடம் அதுதான். காலையில் ஒன்றுக்கு எட்டு (கட்டிய ஒரு ரூபாய்க்கு எட்டு ரூபாய் லாபம்) என்றிருந்த குதிரை புறப்படும் நேரத்தில் ஒன்றுக்கு ஐந்தாகக் குறைந்திருக்கலாம். ஐந்துக்குக் கட்டியவர் எட்டு என்று எழுதிக்கொண்டால், ஆண்டு முடிவில் அவருடைய புத்தகம் லாபமும் அவருடைய பை நட்டமும் காட்டும். தாமே விலை சொல்லிப் பந்தயம் ஏற்கும் புக்கியிடம் கட்டுகிறவர்கள் தாம் வாங்கிய விலைக்கு அருகிலேயே புறப்படும் நேரத்து விலையையும் குறித்து வருவது நல்லது. நூற்றுக்கணக்கான பந்தயங்களில் கடைசி விலையைவிட மேலான விலையைத் தொடர்ந்து பெற்றிருந்தால், கணிப்பில் ஏதோ தெளிவு இருக்கிறது என்று நம்ப ஓரளவு இடமுண்டு. அப்படி இல்லாமல் வந்த லாபத்தைப் பெரும்பாலும் அதிர்ஷ்டம் என்றே கொள்ள வேண்டும்.

அதிர்ஷ்டத்தின் வீச்சு நாம் நினைப்பதைவிடப் பெரியது. ஒன்றுக்கு ஐந்து என்ற விலை முற்றிலும் நியாயமானது என்றே வைத்துக்கொள்வோம். அந்த விலையில் ஒரே அளவு தொகையாக நூறு முறை கட்டுகிறவருக்கு, திறமை சிறிதும் இல்லாவிட்டாலும், ஒரு முறை கட்டும் தொகையைப் போல் இருபது மடங்கு லாபமோ இருபது மடங்கு நட்டமோ மொத்தத்தில் வருவது வெகு சாதாரணம். பத்தில் மூன்று முறை வெல்கிறவர்கூட, 500 முறை கட்டுவதற்குள் எங்கேயாவது தொடர்ந்து பத்துத் தோல்விகளைச் சந்திப்பது ஏறத்தாழ உறுதி. புத்தகம் வைத்திருப்பவர் இதை முன்பே பார்த்திருப்பார். இல்லாதவர் அந்தத் தொடரின் நடுவில் மனம் கலங்கித் தொகையை இரட்டிப்பாக்குவார், வீடு தடுமாறத் தொடங்குவது பல நேரங்களில் அங்கேதான்.

கணிப்பு விற்கிறவர்களிடமும் இந்த முழுக் கணக்கைத்தான் கேட்க வேண்டும். ஆறு குதிரைகள் ஓடும் பந்தயத்தில் ஆறு பேரிடம் ஆறு வெவ்வேறு குதிரைகளைச் சொன்னால், ஒருவருக்கு நிச்சயம் பலிக்கும். அவர் அடுத்த முறை பணம் தந்து கேட்பார். மற்ற ஐவரின் கணக்கு அவர் கண்ணில் படுவதே இல்லை.

என் குறிப்பேட்டை இப்போது மாதக் கடைசியில் என் மனைவி கூட்டிப் பார்க்கிறார். அன்று முதல் நான் கட்டும் தொகை நான்கில் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. கடைசிப் பந்தயத்தின் அவசரச் சீட்டு அறவே நின்றுவிட்டது. பந்தயக் கணிப்புகளை வெளியிடும் நாளிதழ்கள், பருவம் முடிந்ததும் தங்கள் கணிப்புகள் அனைத்தையும் ஒரே அளவு தொகையில் கட்டியிருந்தால் வாசகருக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்பதை, தோல்விகளையும் சேர்த்து, கணிப்புகள் வெளிவந்த அதே பக்கத்தில் அச்சிட வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்