ஞானிகளை நடக்க வைத்தவர்களுக்கு நன்றி

அன்புள்ள மாடி வீட்டாருக்கும், கீழ் வீட்டாருக்கும், எதிர் வீட்டுப் பாட்டிக்கும், பாடற்குழு நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் நேரில் நன்றி சொல்லியாகிவிட்டது. ஆனால் நான் வாயைத் திறந்தாலே, "அட, இதுக்கெல்லாம் போய்..." என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். எழுத்தில் வைத்துவிட்டால் மாற்ற முடியாது. அதனால் இந்த மடல். டிசம்பர் 23ஆம் தேதி ராத்திரி, பிள்ளைகள் தூங்கிய பிறகு எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். மைத்துனிக்கு இரட்டைக் குழந்தைகள். சொன்ன நாளுக்கு முன்னாடியே பிறந்துவிட்டார்கள். நவம்பர் 27ஆம் தேதி காலையில் செய்தி வந்தது, அன்று இரவே என் மனைவி தங்கைக்குத் துணையாகக் கிளம்பிவிட்டாள். வீட்டில் நான், பன்னிரண்டு வயது மகள், ஏழு வயது மகன். போகிற அவசரத்தில் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டுப் போயிருந்தாள். நாலே வரி.

பழ ஜாடியைக் கிளறவும்.
குடில் சாமான் பரணில்.
பெரியம்மாவுக்கு வாழ்த்து அட்டை, மறக்க வேண்டாம்.
ஞானிகள் நடக்க வேண்டும்.

முதல் மூன்றும் ஏதோ புரிந்தது. நாலாவது? கல்யாணமாகிப் பதினான்கு வருடம் ஆகிறது. ஞானிகள் எங்கே நடக்க வேண்டும், எதற்கு நடக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்பா, நிஜமாவே தெரியாதா? வருஷா வருஷம் நடக்கிறாங்களே!"

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கிறிஸ்துமஸ் என்றால் 24ஆம் தேதி இரவுப் பூசையும் மறுநாள் சாப்பாடும்தான். அதற்கு முந்தைய நான்கு வாரம் என் வீட்டில் என்னென்ன நடந்துகொண்டிருந்தது என்பது இந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. நீங்கள் இல்லாவிட்டால் இந்த வருடமும் தெரிந்திருக்காது.

முதலில் மாடி வீட்டு அக்காவுக்கு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய காத்திருப்பான திருவருகைக் காலம் நவம்பர் 30ஐ ஒட்டி வரும் ஞாயிறு அன்று தொடங்கும் என்பது எனக்குத் தெரியும். இந்த வருடம் சரியாக 30ஆம் தேதியே ஞாயிறு. பெருமையாக, வாரத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி கூட்டி ஏற்றும் திருவருகை வளையத்தைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, நான்கு மெழுகுவர்த்திகளையும் நட்டு, இருப்பதிலேயே அழகாக இருந்த ரோஜா நிறத்தை ஏற்றினேன். வாரம் முழுக்க இரவுச் சாப்பாட்டின்போது அதுதான் எரிந்தது. மகள் ஒன்றும் சொல்லவில்லை. அப்பா முதன்முதலாக ஏதோ செய்கிறார், கெடுக்க வேண்டாம் என்று நினைத்தாளாம்.

இரண்டாம் ஞாயிறு அக்கா எதையோ கொடுக்க வந்தவர் மேசையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். "தம்பி, மூணாவது வாரம் ஏத்த வேண்டியதை முதல் வாரமே ஏத்திட்டீங்களே!" பிறகுதான் பாடம் நடந்தது. முதல் இரண்டு வாரமும் நாலாவது வாரமும் ஊதா, மூன்றாவது வாரம் மட்டும் ரோஜா நிறம், காத்திருப்பில் பாதி தாண்டிவிட்ட மகிழ்ச்சிக்காக. ஒழுங்காக ஏற்றியிருந்தால் இன்று நான்கும் படிக்கட்டு மாதிரி ஒன்றுக்கு ஒன்று உயரம் கூடி நிற்கும். எங்கள் வீட்டில் மூன்று ஒரே உயரம், ஒன்று மட்டும் நெட்டையாக நிற்கிறது. நாளை என் மனைவி உள்ளே வந்ததும் முதலில் கண்டுபிடிக்கப் போவது இதைத்தான். அக்கா, நீங்கள் சாட்சி சொல்ல வர வேண்டாம்.

அந்த வளையத்தைப் பற்றிப் பாடற்குழு ஆசிரியர் சொன்ன கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. 1839இல் ஹாம்பர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விக்கர்ன் என்ற போதகர் ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். பிள்ளைகள் தினமும் வந்து, கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள், இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்தார்களாம். மனுஷன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்து, ஞாயிறுகளுக்குப் பெரிய மெழுகுவர்த்தியும் மற்ற நாட்களுக்குச் சின்ன மெழுகுவர்த்தியுமாக நட்டுவிட்டார். எண்ணிக்கொள்ளுங்கள், என்னைக் கேட்காதீர்கள் என்று அர்த்தம். ஏழு வயதுப் பிள்ளையை வீட்டில் வைத்திருப்பவனுக்கு அவர் கஷ்டம் நன்றாகப் புரிகிறது.

அப்புறம், கீழ் வீட்டு எலெக்ட்ரீஷியன் தம்பி. உங்களுக்கு என் நன்றியைவிட என் மகனின் நன்றிதான் பெரியது. பரணிலிருந்து இறக்கிய சீரியல் செட்டில் பாதி எரிந்தது, பாதி எரியவில்லை. நான் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாம் என்று இருந்தேன். நீங்கள் படியிறங்கிப் போகிற வழியில் நின்று, "இருங்க சார், தம்பியே கண்டுபிடிக்கட்டும்" என்று அவனைத் தரையில் உட்கார வைத்தீர்கள்.

எல்லாப் பல்பும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே வழியில் கோத்தது, அதனால்தான் பழைய செட்டில் ஒன்று போனால் மொத்தமும் போய்விடும் என்று சொன்னீர்கள். இந்தச் சின்ன பல்புகளில் உள்ளே ஒரு மாற்றுக் கம்பி உண்டு, இழை அறுந்தாலும் கரண்டு அந்த வழியாகத் தாண்டிப் போய்விடும், ஆனால் பல்பே ஹோல்டரில் ஆடிக்கொண்டிருந்தால் தாண்ட வழியே கிடையாது என்றும் சொன்னீர்கள். செட்டு இரண்டு பகுதியாகக் கோத்திருப்பதால்தான் பாதி மட்டும் எரிகிறதாம். பிறகு வேலை ஆரம்பித்தது. பிளக்கைக் கழற்று, பத்துப் பல்பை அழுத்து, பிளக்கைப் போடு. எரியவில்லையா? கழற்று, அடுத்த பத்து. ஒன்றேகால் மணி நேரம் போனது. அறுபத்திரண்டாவது பல்பை அவன் கட்டை விரலால் அமுக்கி, பிளக்கை மாட்டியதும் மிச்சப் பாதி குப்பென்று பற்றிக்கொண்டது. அப்போது அவன் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுப் பாட்டி கதவைத் திறந்து, "என்னடா ஆச்சு?" என்று கேட்டார். 1882இல் எடிசனோடு வேலை பார்த்த எட்வர்ட் ஜான்சன் என்பவர் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் முதன்முதலாக 80 மின்விளக்குகள் போட்டு, மரத்தையே சுழல வைத்தார் என்று நீங்கள் போகிற போக்கில் சொன்னதுதான் வினையாகிவிட்டது. எங்கள் மரமும் ஏன் சுழலவில்லை என்று இவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

குடில் விஷயம் கொஞ்சம் நீளம். இயேசு பிறந்த தொழுவத்துச் சொரூபங்களை என் மனைவி பழைய செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தாள். ஒவ்வொன்றையும் பிரிப்பதற்குள் அந்தத் தாளை நான் படிக்க ஆரம்பித்துவிட, இரண்டு இடையர்களை வெளியே எடுக்கவே அரை மணி நேரம் ஆனது. எல்லாரும் இருந்தார்கள். கழுதையைத்தான் காணோம். பரண், அலமாரி, கட்டிலுக்கு அடியில், எங்கேயும் இல்லை. மகன் அழுகைக்குத் தயாரானான்.

நற்செய்தியில் கழுதையும் இல்லை, மாடும் இல்லை, லூக்கா தீவனத் தொட்டியை மட்டும்தான் சொல்கிறார் என்று பாடற்குழு ஆசிரியர் அவனைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். 1223இல் இத்தாலியில் கிரேச்சியோ என்ற சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் வைக்கோலையும் கொண்டு வந்து குடில் அமைத்த கதையையும் அவரே சேர்த்துச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். "பார்த்தீங்களா, கழுதை இருந்திருக்கு!" என்று மறுபடியும் தொடங்கிவிட்டான்.

அந்த நேரத்தில் மாடி வீட்டு அக்காவின் பேரன் தன் பிளாஸ்டிக் குதிரையைக் கொண்டுவந்து மாட்டுக்குப் பக்கத்தில் நிறுத்தினான். கடன்தான், கொடை இல்லை என்று தெளிவாகச் சொல்லிவிட்டான். அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் வந்து குதிரை நலமா என்று பார்த்துவிட்டுப் போவான். ஒருநாள் அதற்குக் குளிரும் என்று ஒரு கைக்குட்டையைப் போர்த்திவிட்டுப் போனான். ஐந்து வயதுக்காரருக்கு என் மரியாதையான நன்றி.

கழுதை கிடைத்தது மனைவியோடு தொலைபேசியில் பேசியபோது. "தையல் பெட்டியைப் பாருங்க, போன வருஷம் கால் ஒடிஞ்சுது, ஒட்டணும்னு வெச்சேன்" என்றாள். மூன்று கால் கழுதையும் ஒரு கால் தனியாகவும் ஊசி நூலுக்கு நடுவே படுத்திருந்தன. கைக்கடிகாரம் பழுது பார்க்கும் பெரியவரே, பாடற்குழுவில் உங்கள் கட்டைக் குரலை மட்டும்தான் இத்தனை நாள் அறிந்திருந்தேன். நீங்கள் கண்ணில் அந்தக் கண்ணாடியைச் செருகிக்கொண்டு, இடுக்கியால் காலைப் பிடித்து, பசை காய்கிறவரை மூச்சுகூட விடாமல் இருந்ததைக் கடைப் படியில் உட்கார்ந்து பார்த்தேன். கழுதைக்காக ஒருவர் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததில்லை. காசு வேண்டாம், பாட்டுப் பயிற்சிக்குச் சீக்கிரம் வந்தால் போதும் என்றீர்கள். வருகிறேன். இப்போது குடிலில் கழுதையும் நிற்கிறது, குதிரையும் நிற்கிறது. திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னதற்கு, ஜனவரி வரை இருக்கட்டும் என்று பெரிய மனதோடு உத்தரவாகியிருக்கிறது.

கேக்குக்குப் பழம் ஊறும் ஜாடியைப் பற்றி அதிகம் பேசாமல் இருப்பது எனக்கு நல்லது. ஆறு நாள் கிளற மறந்துவிட்டேன். எதிர் வீட்டுப் பாட்டி முகர்ந்து பார்த்து, "ஒண்ணும் ஆகலை" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. அதற்கப்புறம் ஜாடியைத் திறக்கிறபோதெல்லாம் பிள்ளைகள் இரண்டும் மூக்கை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள். கேக் உங்கள் அடுப்பில்தான் வெந்தது பாட்டி. கலவை கெட்டியாக இருந்தால்தான் பழம் அடியில் போய்ப் படியாது, சூடு குறைவாக வைத்தால்தான் உள்ளே வேகிறவரை மேலே கருகாது என்று சொல்லிக்கொண்டே, என் கையிலிருந்த பால் டம்ளரை இரண்டு முறை பிடுங்கி வைத்தீர்கள். பழம் அடியில் போகவில்லை என்பதைச் சொல்லிக்கொள்கிறேன். ஒரு ஓரத்தை ருசி பார்த்தாகிவிட்டது.

வாழ்த்து அட்டை மகளின் பொறுப்பு. 1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்பவர், வந்து குவிந்த கடிதங்களுக்குத் தனித்தனியாகப் பதில் எழுத முடியாமல்தான் ஓர் ஓவியரைக் கொண்டு முதல் கிறிஸ்துமஸ் அட்டையை அச்சடித்தாராம். நானும் அச்சடித்ததை வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றேன். மகள் ஒத்துக்கொள்ளவில்லை. பெரியம்மாவுக்குக் கையால் வரைந்து, அவருக்குப் பார்வை மங்கல் என்பதால் ஒவ்வோர் எழுத்தையும் விரல் உயரத்துக்கு எழுதினாள். அட்டையில் நாலு வார்த்தைதான் பிடித்தது. அதை மடங்காமல் அனுப்ப அளவான உறை செய்து கொடுத்த அக்காவுக்கு இரண்டாவது நன்றி.

பள்ளி விடும் நேரத்தில் எனக்கு அலுவலகம் முடியாது. இந்த நான்கு வாரமும் என் பிள்ளைகளை உங்கள் பிள்ளைகளோடு சேர்த்து அழைத்து வந்து, கை கால் கழுவ வைத்து, வீட்டுப்பாடத்தையும் முடிக்க வைத்தவர் கீழ் வீட்டுத் தம்பியின் மனைவி. இதற்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் இந்தப் பத்தியை மூன்று முறை அடித்துவிட்டேன். நன்றிம்மா.

கடைசியாக ஞானிகள். குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த அந்த ஞானிகளின் சொரூபங்கள் குடிலுக்கு வந்து சேர வேண்டியது ஜனவரி 6ஆம் தேதி. அதனால் திருவருகையின் முதல் நாள் செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் கிளம்பி, தினம் ஒரு சாண் நடக்க வேண்டும். மொத்தம் 37 நாள் பயணம். மகள் கணக்கு நோட்டில் வழி வரைந்து வைத்திருக்கிறாள். இரவு எல்லாரும் தூங்கிய பிறகு நகர்த்தி வைப்பது இத்தனை வருடம் என் மனைவியின் வேலை. அந்த நேரத்தில் நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒருநாள் அலுவலகத்தில் சாப்பாட்டுப் பையைத் திறந்தால் உள்ளே ஒரு ஞானி, கையில் பெட்டியோடு. கூட ஒரு சீட்டு: "இவர் உங்க ஆபீஸ் வழியா வர்றார், சாயங்காலம் பத்திரமா கூட்டிட்டு வாங்க." மத்தேயு ஞானிகள் எத்தனை பேர் என்று சொல்லவே இல்லை, மூன்று காணிக்கைகளை வைத்து நாம்தான் மூன்று பேர் ஆக்கிக்கொண்டோம். அப்படியிருக்க ஒருவர் சுற்றுவழியில் வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? மதியம் முழுக்க அவர் என் மேசையில் கணினிக்குப் பக்கத்தில் நின்றார். பார்க்க வந்தவர்கள் எல்லாம் பெட்டியில் என்ன என்று கேட்டார்கள்.

சரி, இனி நடைமுறை விஷயங்கள். நாளைக் காலை அவள் வந்துவிடுவாள். அதற்குள் ஏணியைக் கீழ் வீட்டில் சேர்த்துவிடுகிறேன். நீங்கள் சாப்பாடு கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் கழுவி, மேசையில் வரிசையாக இருக்கின்றன. மொத்தம் ஒன்பது. பிரித்துக் கொடுக்க முயன்றேன், மூடிகள் எல்லாம் கலந்துவிட்டன. பச்சை மூடி ஒன்று எதற்கும் பொருந்தவில்லை. யாருடையதோ வந்து எடுத்துக்கொள்ளுங்கள். வரும்போது மட்டும் கொஞ்சம் குனிந்து பார்த்துக் கால் வையுங்கள். ஞானிகள் இப்போது கூடத்து வாசல்படியில் நிற்கிறார்கள்.