செயலாளரின் ஆண்டறிக்கை: திரும்பி வந்த ஒரு லாட்டும் வரும் பருவமும்

நம் காப்பி விவசாயிகள் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கூட்டங்கள் ஒழுங்காக நடந்தன, வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், அதனால் நான் நேராகக் காப்பிக்கு வந்துவிடுகிறேன்.

பருவத்தின் நடுவில் நாம் அனுப்பிய ஒரு லாட், அதாவது ஒன்றாகச் சேர்த்து விற்கும் ஒரு தொகுதிக் காப்பி, நிராகரிக்கப்பட்டது. சிறப்புக் காப்பி என்று பெயர் வாங்க கப்பிங்கில், அதாவது தூளில் வெந்நீர் ஊற்றிச் சுவைத்துப் புள்ளி போடும் சோதனையில், 100க்கு 80 புள்ளியாவது வேண்டும், 350 கிராம் பச்சைக் கொட்டையில் (வறுக்காத கொட்டையில்) பெரிய குறை ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்த லாட் பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானே கையில் அள்ளிப் பார்த்துவிட்டுச் சாக்கைத் தைக்கச் சொன்னேன். ஆனால் கோப்பையில் வினிகர் வாடை. அனுப்புவதற்கு முன் வறுத்துக் குடித்துப் பார்த்திருக்க வேண்டும், அதைச் செய்யாதது என் தவறு.

எங்கே கெட்டது என்று தேடிப் போனோம். காலையில் பறித்த பழம் வண்டி வராமல் சாக்கிலேயே கட்டிக் கிடந்து, மறுநாள் மதியம்தான் பழத்தோலை உரிக்கும் பல்பர் இயந்திரத்துக்கு வந்திருக்கிறது. அப்படிக் கிடந்த சாக்குக்குள் கையை விட்டால் கதகதவென்று சூடு தெரியும், பழம் அங்கேயே புளிக்க ஆரம்பித்துவிடும். அதை மற்றவர்களின் நல்ல பழத்தோடு ஒரே தொட்டியில் கொட்டிவிட்டோம், அப்புறம் எதைப் பிரிப்பது?

அதற்குப் பிறகு ஒவ்வொருவர் பழத்துக்கும் தனிச் சீட்டு, பறித்த அன்றே பல்பர். முதலில் தண்ணீரில் போட்டு, மிதக்கிற பொக்குகளையும் துளைப்பான் பூச்சி தின்ற பழங்களையும் அள்ளித் தனியாகக் காயவைக்கிறோம். தோல் உரித்த கொட்டையின் வழவழப்பைப் புளிக்கவைத்துப் போக்கும் நொதித்தலுக்குக் கடிகாரத்தை நம்புவதையும் விட்டுவிட்டோம், ஏனென்றால் குளிர் அதிகமான இரவில் 36 மணி நேரம்கூட ஆகிறது, வெயில் நாளில் அதில் பாதியே போதும். தொட்டியைக் கவனிக்கும் அம்மா ஒரு கைப்பிடி கொட்டையை எடுத்துக் கழுவி உள்ளங்கையில் தேய்ப்பார். வழவழப்பு போய்ச் சரளைக்கல் மாதிரி நறநறவென்று சத்தம் வந்தால்தான் கழுவச் சொல்வார். அவர் கை சொன்ன லாட் ஒன்றுகூட இதுவரை திரும்பி வரவில்லை.

கழுவிய கொட்டையை உள்தோலோடு (இதைத்தான் பார்ச்மென்ட் என்கிறோம்) வலை மேடையில் காயவைத்து, அடிக்கடி கிளறி, பனி இறங்கும் முன் மூடுகிறோம். ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சாக்கைக் கிடங்குக்குள் விடுவதில்லை, பூஞ்சை பிடித்தால் பக்கத்துச் சாக்கும் போய்விடும்.

சரி, இதையெல்லாம்விட முக்கியமானது பறிப்பு. பல தவணையாகப் பூப்பதால் ஒரே கிளையில் பச்சை, மஞ்சள், சிவப்பு எல்லாம் சேர்ந்தே இருக்கும், அதனால் ஒரு செடிக்கு மூன்று நான்கு முறை போக வேண்டும். எடைக்கு மட்டும் கூலி கொடுத்தால் பறிப்பவர் கிளையோடு உருவத்தான் செய்வார், அவரைக் குறை சொல்ல முடியாது. சில தோட்டங்களில் பழுத்த பழத்துக்கு மட்டும் கூலியைக் கூட்டிக் கொடுத்துப் பார்த்தோம், மிதக்கும் பொக்கும் பச்சைக் காயும் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் குறைந்தன. ஆனால் கூட்டின கூலியை விவசாயி அன்று மாலையே கொடுக்க வேண்டும், நாம் பணம் தருவதோ மாதக் கணக்கில் கழித்து. இந்த இடைவெளியில்தான் நம் உறுப்பினர்கள் வாசலுக்கு வரும் வியாபாரியிடம் பச்சையும் சிவப்பும் கலந்து கொடுத்துவிடுகிறார்கள், அவர்களுக்குத் தரம் தெரியாமல் இல்லை. சுமார் 6 கிலோ பழம் கொடுத்தால்தான் 1 கிலோ பச்சைக் கொட்டை, அதில் காத்திருக்கச் சொல்வது நியாயமே இல்லை. ஆகவே பழம் வாங்கும் அன்றே பாதிப் பணம் கொடுக்க, கொடுத்தது திரும்பி வந்ததும் மறுபடி கொடுக்கிற ஒரு சுழல் நிதி வைக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவருகிறேன், தயவுசெய்து ஆதரியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023 காடழிப்புச் சட்டப்படி அங்கே போகும் காப்பி விளைந்த நிலத்தின் இருப்பிடக் குறிப்பு வேண்டும். 4 ஹெக்டேருக்குள் இருந்தால் நிலத்தில் ஒரு புள்ளியின் அட்சரேகை, தீர்க்கரேகை போதும், பதியாதவர்கள் இந்த மாதமே பதிந்துவிடுங்கள். பல்பர் கழிவுநீரை ஓடையில் விடாதீர்கள், அது தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தின்று மீனைக் கொன்றுவிடும்.

கூட்டம் முடிந்ததும் திரும்பி வந்த லாட்டையும் அடுத்து வந்த லாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கப்பிங் செய்கிறோம். 8.25 கிராம் தூளுக்கு 150 மில்லி வெந்நீர், நான்கு நிமிடம். பறிக்க வருபவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவர்கள் பறித்ததை அவர்களும் ருசி பார்க்கட்டும்.